புக்கம்

மாண்டலேயில் விடிகாலை நாலுக்கு வேன்.
எட்டுப் பேர், ஒரு தண்ணீர் கேன், மாமியாரின் தலையணை.
ஏ.சி. மியிஞ்சான் வரைக்கும்தான் உயிரோடு இருந்தது.

வழிகாட்டி மா தின்சா நியாங்-ஊ முக்கில் ஏறினாள்.
கம்பி ஒடிந்த சிவப்புக் குடைதான் அவள் கொடி.
"குடையைப் பாருங்கள், கோயிலைப் பாருங்கள்,
காணாமல் மட்டும் போகாதீர்கள்" என்றாள் பர்மியில்.
எங்களில் பர்மி தெரியாதவர் யாருமில்லை.
தமிழ், சண்டை வரும்போது வரும்.

ஆனந்தாவுக்கு நாற்பது நிமிஷம்.
செருப்பை வேனிலேயே விடச் சொன்னாள்.
பத்து மணிக்கே செங்கல் தோசைக்கல்லாகியிருந்தது.
நாத்தனார் பிள்ளைகள் நிழலுக்கு நிழல் தாவின.
மாமியார் தாவவில்லை.
"ராஜா வெறுங்காலோடவா நடந்தான்?"
பதில் வருமுன் படமெடுக்கச் சொல்லி நின்றார்.

அரண்மனை பளபளவென்றிருந்தது.
"இது புதுசு, இதை நம்பாதீர்கள்" என்றாள் மா தின்சா,
"அந்தப் பள்ளம் தெரிகிறதா? அதுதான் அரண்மனை."

கோட்டையில் மிஞ்சியது தராபா வாசல் ஒன்று.
இரண்டு மாடம். அண்ணன் ஒன்றில், தங்கை ஒன்றில்.
கொல்லன் பலசாலி, ராஜாவுக்கு அவன்மேல் பயம்.
தங்கையைக் கட்டிக்கொண்டான்.
உன் அண்ணனுக்குப் பதவி தருகிறேன், வரச் சொல் என்றான்.
வந்தவனை மரத்தில் கட்டிக் கொளுத்தினான்.
அவளும் அந்தத் தீயில் பாய்ந்தாள்.
முடியைப் பிடித்து இழுத்தார்கள்,
முகம் மட்டும் கைக்கு வந்தது.
"அதனால் இங்கே மெழுகுவர்த்தி ஏற்றக் கூடாது."

என் வீட்டுக்காரர் வெற்றிலை துப்ப ஒதுங்கினார்.
என் அண்ணன் பூமிநாதன் மோல்மினில் இருக்கிறான்.
மூன்று வருஷமாக எங்கள் வாசல் மிதிக்கவில்லை.
ஒரு லாரி, ஒரு கையெழுத்து.
அதற்குமேல் அந்த வேனில் பேச முடியாது.

மதியம் மியூசியம்.
அங்கே ஏ.சி. இருந்ததால் மாமியார் வரலாற்றை மதித்தார்.
கல், கல், கல். அதில் ஒரு கல் தமிழ்.
எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது:
ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எட்டு வருஷம் படித்தவளாம் நான்.
குனிந்தேன்.
ட தெரிந்தது. ப தெரிந்தது.
மற்றதெல்லாம் கல்.

மா தின்சா பலகையைப் பார்த்துச் சொன்னாள்:
மலைநாட்டு வணிகன் ஒருவன்
இங்கிருந்த விண்ணகரத்துக்கு ஒரு மண்டபம் எடுத்தான்,
ஒரு கதவு போட்டான்,
அணையாமல் எரிய ஒரு விளக்கு வைத்தான்.
"பகானை அவன் புக்கம் என்று எழுதியிருக்கிறான்.
உங்கள் மொழியில் அதற்கு அர்த்தம் உண்டா?"

அவன் ஊர்ப் பேரைத்தான் எழுதினான், தெரியும்.
ஆனாலும் என் காதில் விழுந்தது புக்ககம்.
பெண் போய்ப் புகுந்த இடம்.
பர்மியில் வார்த்தை தேடித் தடுமாறி,
"மாமியார் வீடு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.
நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்,
நம்மில் அது ஜெயிலுக்கும் பேர்.

மாமியார் சிரிக்கவில்லை.
"நானும் பெகுவிலேர்ந்து வந்தவதான்" என்றார் கல்லிடம்.
தொடப்போன கையைக் காவலாளி தடுத்தான்.

பிறகு அந்த விண்ணகரமாக இருக்கலாம் என்ற கோயிலுக்குப் போனோம்.
இருக்கலாம் என்றுதான் மா தின்சாவும் சொன்னாள்.
நிலை இருந்தது.
"கதவு எங்கே?" என்றான் சின்னவன்.
வௌவால் ஒன்று அதைத் திறந்துகொண்டு போனது.
கதவு கொடுத்தவன்
ஊருக்குத் திரும்பினானா, இங்கேயே தங்கினானா
என்று கேட்க நினைத்தேன். குடை நகர்ந்துவிட்டது.

திரும்பும்போது தராபாவில்
டிரைவர் எஞ்சினை அணைத்துக் கும்பிட்டான்.
நான் இறங்கி வாழைப்பழம் இரண்டு சீப்பு எடுத்தேன்.
"ரெண்டு எதுக்கு?" ஜன்னல் வழியே மாமியார்.
"ஒண்ணை வாங்கிப் பிச்சு வை. ஒரே வயித்துப் பிள்ளைங்கதானே."

பிய்த்தேன்.
அண்ணனுக்கு ஆறு, தங்கைக்கு ஐந்து.
மிஞ்சிய ஒன்றை
மாமியார் தோல் உரித்து,
பாதியை என் பக்கம் நீட்டினார்.
அழுகல் பாதி.
தின்றேன்.