ஒரு வெள்ளி முப்பது காசு

கடையில் தொங்கிய காற்றுமறைப்பு நாற்பத்தைந்து வெள்ளி.
என் அடுப்பே முப்பத்தெட்டுதான்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று
முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஜெலுத்தோங் சந்தையோரம் ஒரு மளிகைக் கடை.
அலுமினியத் தட்டு, பெரிது, மூன்று சேர்ந்து
மூன்று வெள்ளி தொண்ணூறு.
"மீன் சுடவா?" என்றார் கடைக்காரர்.
"காற்றைத் தடுக்க" என்றேன்.
மிச்சக் காசை இரண்டு தடவை எண்ணித் தந்தார்.

கறிவேப்பிலை நறுக்கும் கத்தரிதான் ஆயுதம்.
முதல் தட்டு என் கட்டைவிரலைக் கிழித்தது.
இரண்டாவதை உயரம் குறைத்து வெட்டிவிட்டேன்,
அது இப்போது பூந்தொட்டிக்கு அடியில்.
மூன்றாவதை இரண்டு பட்டையாக்கி
நுனியோடு நுனி மடித்துப் பூட்டி
விளிம்பையெல்லாம் அரை விரல் உள்ளே திருப்பி
கரண்டியின் முதுகால் தேய்த்தேன்.
பழைய சைக்கிள் சக்கரத்துக் கம்பி இரண்டு,
மணலில் குத்தி நிற்பதற்கு.
சுருட்டினால் சப்பாத்திக் கட்டை அளவு.
எடை பார்க்கத் தராசு அசையவே இல்லை.
விலை ஒரு வெள்ளி முப்பது காசு,
கெட்ட இரண்டையும் கணக்கில் சேர்க்காவிட்டால்.

பாயான் லெப்பாஸில் எனக்கு வேலை
காற்றே இல்லாத அறையில்.
இல்லை, இருக்கிறது.
கூரையிலிருந்து தரைக்கு, நேராக, வடிகட்டி,
பன்னிரண்டு மணி நேரமும் ஒரே வேகத்தில்.
வெள்ளை உடுப்புக்குள் கண் மட்டும் நான்.
தும்மினால் படிவம் நிரப்ப வேண்டும்.
நான்கு நாள் வேலை, நான்கு நாள் விடுப்பு.
அந்த நான்கில் ஒரு நாளாவது
யாரும் அளந்து விடாத காற்று வேண்டும் எனக்கு,
டீ கொதிக்கும் ஒரு சாண் இடத்தைத் தவிர
மற்ற எல்லா இடத்திலும்.

போன மாதம் பதினேழு தீக்குச்சி.
பதினேழும் ஈரக் கடலுக்குப் போயின.
நொராய்னி மேகியை உடைத்து, தூளைத் தூவி,
நறநறவென்று கடித்துக்கொண்டே "செடாப்" என்றாள்.
பக்கத்துக் கூடாரத்தில் யாரோ முட்டை பொரித்தார்கள்.
நாங்கள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இந்த முறை மறுபடி தெலோக் பஹாங்,
காட்டுவழி ஒன்றரை மணி நேரம்,
வேர்களைப் படியாக எண்ணி இறங்கினால்
கெராச்சூட் கடற்கரை.
பள்ளிக்கூடத்தில் நான்கு காற்றுக்கும் பெயர் படித்தேன்:
கொண்டல், கோடை, வாடை, தென்றல்.
இங்கே அடிப்பது நாலும் சேர்ந்த ரோஜாக்.

குத்தினேன். வளைத்தேன். பற்றவைத்தேன்.
நீலம்.
ஆடாத, குனியாத நீலம்.
வெளியே கூடாரம் படபடத்தது,
உள்ளே தண்ணீர் பேச ஆரம்பித்தது.
நொராய்னி கைதட்டினாள்.
பிறகு, "கேஸ் டப்பாவைத் தொட்டுப் பார்" என்றாள்.

தொட்டேன்.
கையை உதறிக்கொண்டே திருகியை மூடினேன்.
பெருமையில் முழு வட்டமாக அடைத்திருக்கிறேன்.
சூடு போக வழியில்லாமல்
கீழே, டப்பாவின் தோளில், இறங்கியிருக்கிறது.

ஆறவிட்டோம். அரை மணி நேரம்
அலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு கம்பியைப் பிடுங்கி அகலமாக நட்டேன்:
கடல் பக்கம் சுவர், எங்கள் பக்கம் திறப்பு.
நீலம் கொஞ்சம் ஆடியது. ஆனால் நின்றது.
காற்று திசை மாறிச் சுற்றி வந்தபோது
நொராய்னி தூடோங்கின் நுனியை உள்ளே செருகி
ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து உட்கார்ந்தாள்.
டீயில் லேசாக அலுமினிய வாசம்.
இரண்டு கோப்பை குடித்தோம்.

காலையில் ஒரு குரங்கு.
பிஸ்கட்டைத் தொடவில்லை,
மறைப்பைப் பிடுங்கிக்கொண்டு பாறைமேல் ஏறியது.
விரித்தது. சுருட்டியது. கரிப் பக்கத்தை முகர்ந்தது.
மினுங்கும் பக்கத்தில் யாரையோ பார்த்து
பல்லைக் காட்டியது, அவனும் காட்டினான்.
நாற்பத்தைந்து வெள்ளியாக இருந்திருந்தால்
கல்லைத் தேடியிருப்பேன்.
நான் பாட்டுக்குப் பல் துலக்கினேன்.

சலித்துப்போய்க் கீழே போட்டது.
முழங்காலில் வைத்துக் கசங்கலை நீவினேன்.
இரண்டு பல் ஓட்டை மட்டும் போகவில்லை.
அந்த வழியாக இனி கொஞ்சம் காற்று வரும்.
வரட்டும்.