காடி தெளிக்கும் நாள்

சித்திரை ஒன்பது.
லுஹருக்கு இன்னும் முக்கால் மணி.
முதுகில் பதினாறு லிட்டர்.
கீழக்கரை மையவாடிப் பாதையில்
என் நிழல் என் காலுக்கடியிலேயே
ஒடுங்கிக் கிடக்கிறது.

போன வருஷம் கடைமருந்து அடித்தோம்.
புல் மஞ்சளித்துச் செத்தது, நல்லதுதான்.
அடுத்த மழைக்குப் பிறகு
பக்கத்துக் கிணற்று நீரை
வாய் கொப்புளிக்க எடுத்த கை
பாதியில் நின்றது. எல்லோர் கையும்.

பனங்காடி என்றதும்
ஜமாத் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு.
கள்ளா? கபுர்ஸ்தானுக்கா?
சாயல்குடிப் பனையேறி அருளப்பன்
குடத்தை இறக்கிவைத்துச் சொன்னார்:
"கள்ளில்லீங்க. சுண்ணாம்பு தடவ மறந்த பதனி.
அதுவாப் பொங்குச்சு, அதுவாப் புளிச்சுச்சு,
நாங்க யாரும் கை வைக்கல."
லெப்பை முகர்ந்துபார்த்து
கண்ணில் நீர் வழியச் சிரித்தார்.
தானாய்த் திரிந்து காடியானது தூய்மைதான் என்றார்.

மனிதருக்கும் இந்தச் சட்டம் உண்டா என்று
கேட்கவேண்டியவன் நான்தான்.
குடித்து மூன்று வருஷமாகிறது.
கேட்கவில்லை.

காடி முக்கால் டேங்க்.
கிராம்பெண்ணெய் நாலு மூடி.
தேங்காயெண்ணெய்ச் சோப்பைச் சீவிக் கரைத்த நீர்.
சோப்பில்லாவிட்டால் இலையில் நிற்காது,
உருண்டு ஓடிவிடும்
ஏச்சு வாங்கிய பிள்ளை மாதிரி.
வெயில் வேண்டும். மேகம் போட்டால் வேலை வீண்.
சூரியனையே பார்த்துப் பூக்கிற நெருஞ்சி
சூரியனாலேயே கருகவேண்டும்,
நான் தொட்டுவிடுகிறேன், அவ்வளவுதான்.

மூக்கிரட்டை முதலில் சுருளும்.
குப்பைமேனி கொஞ்சம் யோசிக்கும்.
கோரை,
தலையைக் கொடுத்துக் கிழங்கைக் காப்பாற்றும்.
பதினோராம் நாள் வந்து பார்,
ஊசி ஊசியாய் நிற்கும்.
அதற்கு நான் எதிரியில்லை,
ஒரு தவணை.

பாதை மட்டும் என்று உத்தரவு.
கபுர்மேல் உள்ள பச்சையைத் தொடக்கூடாது.
ஈரம் உள்ளவரை அது தஸ்பீஹ் ஓதும்,
கீழே கிடப்பவர்க்கு லேசாகும் என்பார்கள்.
சரி.
ஆனால் கொடி ஒன்றுதானே.
மீசான் கல்லுக்கு இந்தப் பக்கம் களை,
அந்தப் பக்கம் ஓதுகிற நாவு.
குழல்முனையை எந்தக் கணுவில் நிறுத்துவது?
லெப்பையிடம் கேட்டால்
ஒரு முழம் விட்டு அடி என்கிறார்.

வடக்கு மூலையில் கல்லில்லாத கபுர் ஒன்று.
புயல் ஓய்ந்த மறுநாள் கரையேறியவர்.
அரைஞாண் கயிற்றிலிருந்த தகட்டை வைத்து
நம்மவர் என்று முடிவு செய்தார்கள்.
யாரும் தேடி வரவில்லை.
அவருக்கு ஓதுவதெல்லாம் நெருஞ்சிதான்,
மண் தெரியாமல், மஞ்சள் மஞ்சளாய்.

அங்கே வந்தபோது சோழகம் கிளம்பியது.
கடலிலிருந்து ஒரே தள்ளு.
தெளிப்பு அவர் பக்கம் சாய்ந்தது.
விசையை விடுவதற்குள்
குறுக்கே போய் நின்றுவிட்டேன்.
சட்டை நனைந்தது, தாடி நனைந்தது.
மூன்று வருஷம் கழித்து
என்மேல் மறுபடி பனைவாசம்.
வெளியே மட்டும்.

லுஹர் முடிந்து ஒரு ஜனாஸா வந்தது.
டேங்கோடு ஓரம் ஒதுங்கினேன்.
சந்தூக்கின் பின்னால் வந்த சிறுவன்
மூக்கை உயர்த்தி,
"வாப்பா, பிரியாணி வாசம்" என்றான்.
யாரோ அவன் தலையில் தட்டினார்கள்.
எனக்கும் பசித்தது.
கிராம்பின் தப்பு அது.

அசருக்கு முன் மிச்சத்தைக் கொண்டுபோய்
ஒளுச் செய்யும் குழாய்களில் ஊற்றித் தேய்த்தேன்.
வெள்ளையாய்ப் படிந்த உப்பு
சிணுங்கி நுரைத்துக் கழன்றது.
ஐந்தாவது குழாய் இன்னும் ஒழுகுகிறது.
அதற்குக் காடி போதாது, வாஷர் மாற்றவேண்டும்.
அதன் அடியில், சிமெண்ட் வெடிப்பில்
சொட்டுச் சொட்டாய் நனைந்தபடி
ஒரு கோரை.

டேங்கில் இன்னும் ஒரு மிடறு இருந்தது.
காலி என்றேன் அதனிடம்.