குடும்பத் தழும்பு

ஹெங்டியன் படப்பிடிப்பு நகரம். காலை நாலரை.
லியூபெனின் இடது கன்னத்தில்
தழும்பு ஒட்டுகிறேன்.
முதல் பாகத்தில் அது வலது கன்னம்.
அதில் செத்தும் போயிருந்தான்,
பட்டுக் கிடங்கின் மாடியிலிருந்து விழுந்து.
"இவன் அவனுடைய தம்பி" என்றார் இயக்குநர்.
"அப்படியானால் தழும்பு?"
"குடும்பத் தழும்பு" என்றான் உதவியாளன் கோங் ஷுவோ.
சிரித்தோம்.
ஒட்டினேன்.

கதைத்தாளில் அவனுக்குப் பெயர் கிடையாது,
'வெள்ளைக்காரக் குத்துச்சண்டைக்காரன்.'
வசனம் நாலு வரி.
நாலிலும் "உங்கள் கலை ஒரு கலையா?"
நாலும் முடிவது சிரிப்பில்.
தேநீர் விடுதியை எதற்குக் கொளுத்துகிறான்?
நாயகனுக்குக் கோபம் வர.
வந்துவிட்டதே, பிறகு எதற்குப் பள்ளிக்கூடத்தையும்?
இது இரண்டாம் பாகம்.

குரலைப் பிறகு பெய்ஜிங்கில் யாரோ கொடுப்பார்.
உதடு அசைந்தால் போதும்.
ஆகவே எண்ணுகிறான்,
பல்கேரிய மொழியில்,
கழுத்து நரம்பு புடைக்க,
ஒன்று, இரண்டு, மூன்று...
பதினேழில் சிரிக்க வேண்டும்.
அந்தப் பதினேழுக்குத்தான்
திரையரங்கில் பிள்ளைகள்
பக்கத்துக் கையைத் தேடும்.

நாயகனின் உதை
எப்போதும் நாலு விரல் முன்னால் நின்றுவிடும்.
முழங்காலுக்குக் காப்பீடு இருக்கிறது.
மீதி நாலு விரலை
லியூபென்தான் கொண்டுவருகிறான்:
படாத உதைக்கு முகம் திருப்பி,
எச்சில் தெறிக்க,
முதுகால் மேசையை உடைத்துப் பறந்து.
கைதட்டல் எதிர்ப்பக்கம் போகும்.
அவன் எழுந்து
உடைந்த மேசையின் ஆணிகளைப் பொறுக்குவான்,
அடுத்த ஷாட்டில் யார் காலிலாவது குத்துமே என்று.

விமர்சகர்கள் எழுதப்போவது எனக்குத் தெரியும்:
தட்டையான வில்லன்,
அட்டையில் வெட்டி நிறுத்தியவன்.
சரிதான்.
ஆனால் அவன் விழுந்த மெத்தையை
மழையில் நனையாமல் இழுத்துப்போனவள் நான்.
அட்டை அப்படிக் குழி பறிக்காது.

நேற்று அவனுடைய சாவு.
பாலத்தடியில், முழங்கால் நீரில்,
ஏழாவது டேக்.
பதினேழில் கண்ணை மூட வேண்டும்.
மூடவில்லை.
பதினெட்டு, பத்தொன்பது என்று
உதடு போய்க்கொண்டே இருந்தது,
ஓசை இல்லாமல்.
"ஓகே" என்றார் இயக்குநர், மானிட்டரைப் பார்க்காமலே.
குறிப்பெழுதும் பெண்ணிடம் நான் சொல்லவில்லை.
பெய்ஜிங்காரர் அந்த இடத்தில்
என்ன வைப்பாரோ.
ஒரு முனகல் வைப்பார்.

இரவு, எண்ணெய்ப் பஞ்சால்
தழும்பை உரித்தேன்.
அடியில் ஒட்டுப்பசை அரித்து
நிஜமாகவே சிவந்திருந்தது,
தழும்பின் அதே வடிவத்தில்.
கண்ணாடியில் பார்த்துக்கொண்டான்.
"அப்பா ஒருவர் இருப்பாரா,
மூன்றாம் பாகத்துக்கு?" என்றான்.