சைக்கிள் மணி கூடாது

(காம்பியா ஆற்றின் மேல்கரை, 1960)

சாவடியைச் சுற்றி அரை மைலுக்குச்
சைக்கிள் மணி கூடாது என்று உத்தரவு.
ஆறு மணிகளைக் கழற்றி
மாங்காய்க் கூடையில் போட்டு வைத்தேன்.
ஏழாவது என்னுடையது. ஸ்குரூ துருவேறி அசையவில்லை.
கைக்குட்டையை இறுக்கிச் சுற்றினேன்.

உள்ளே மூன்று பீப்பாய்.
நீலத்தில் ஓடம், மஞ்சளில் ஆமை, வெள்ளையில் சாவி.
இங்கே ஓட்டு என்பது ஒரு கோலிக்குண்டு.
குழாயில் உருண்டு
உள்ளே தொங்கும் மணியை ஒரே ஒருமுறை தட்டிவிட்டு
மரத்தூளில் விழுந்து வாயை மூடிக்கொள்ளும்.
எழுத்து தெரிய வேண்டாம், இரண்டு விரல் போதும்.

மூன்று மணிக்கும் ஒரே குரல் என்றது
பாதர்ஸ்டிலிருந்து வந்த கடிதம்.
இல்லை.
பத்து மணிக்குள் தெரிந்துவிட்டது எனக்கு:
ஓடம் கரகரப்பு,
ஆமை கணீர்,
சாவி, தகரத்தில் விழுந்த நிலக்கடலை.

செய்ஃபு வந்தார், பின்னால் நான்கு குடைகள்.
ஊரையே சாவிக்குப் போடச் சொன்னவர்.
திரைக்குள் போனார்.
கரகரத்தது.
வெளியே வந்து வெகுநேரம் செருப்பைத் தேடினார்.
நான் பட்டியலில் கோடு மட்டும் கிழித்தேன்.
காதுக்கென்று உத்தரவு எதுவும் வரவில்லையே.

வெயில் ஏறியபின் முஸுகெபா சான்யாங்,
வெங்காயப் பாத்தியிலிருந்து நேராக,
முழங்கால்வரை சேறு.
குண்டை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.
திரை மூடியது.

மணி அடிக்கவில்லை.

கட்சி ஏஜெண்டுகள் மூவரும்
கோலாக் கொட்டை மெல்வதை நிறுத்தினார்கள்.
உள்ளே அவள் தனக்குத்தானே பேசுவது கேட்டது:
"ஓடம் பாலம் கட்டித் தருமாம்.
ஆமை சீக்கிரம் வந்துவிடுமாம்.
சாவி எந்தக் கதவுக்கு என்று
ஒருவரும் சொல்லவில்லை."

மணி அடிக்கவில்லை.

வெளியே வந்தவளின் தலைத்துணியில்
போகும்போது இல்லாத ஒரு முடிச்சு.
விதிப்படி நான் நிறுத்தியிருக்க வேண்டும்.
"அடுத்த ஆள்" என்றேன்.

இரவு, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில்
குழிப்பலகையில் குண்டுகளை அடுக்கினோம்.
வந்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு,
குண்டு நானூற்றுப் பதினொன்று.
ஆக்ஸ்லி துரை மரத்தூளைச் சலிக்கச் சொன்னார்,
இரண்டு தடவை.
"எங்காவது உருண்டிருக்கும், ஐயா."
எழுதிக்கொண்டார்.

ஓடம் ஒன்பது குண்டில் ஜெயித்தது.
முழவு கொட்டினார்கள், துப்பாக்கி வெடித்தார்கள்.
ஜெயித்தவர் பாதர்ஸ்டுக்குப் போவார்,
ஆளுநரின் நாற்காலிக்குக் கீழே
ஒரு நாற்காலியில் உட்காருவார்.
மேலே இருப்பதற்குப் பீப்பாய் வைக்கவில்லை.
முஸுகெபா அதைத்தான் தேடினாளோ,
அல்லது பேரனுக்கு ஒரு குண்டு வேண்டியிருந்ததோ,
தெரியாது. கேட்கவும் இல்லை.

விடியலில் வீடு திரும்பும் வழியில்
ஆடு ஒன்று குறுக்கே வந்தது.
கட்டைவிரலால் அழுத்தினேன்.
தொப் என்றது.
கைக்குட்டையை அவிழ்க்க மறந்திருந்தேன்.