கட்டத்துக்கு வெளியே

பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும்.
நாங்கள் ஐந்து பேர்.
அளவுநாடாவும் சேறு அப்பிய பூட்சும்
ஆள்கணக்கில் சேராது என்கிறார் படகோட்டி.
புலாவ் உபின் துறையில் காத்திருக்கிறோம்.
மடியில் படிவம். இரண்டே கட்டங்கள்:
பழுது பார்க்க.
அகற்ற.

அணை என்றால் பெரிதாகத் தோன்றும்.
என் நெஞ்சுயரம். பதினோரு மீட்டர்.
யாரோ இறால் வளர்க்க நினைத்து
செம்மண்ணைக் கொட்டி, சிமெண்ட் பூசி,
பின் நினைப்பை மாற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.
ஈரம் காயுமுன் மேலே ஓடிய ஒரு நாயின் தடம்
அக்கரை வரை.
பக்கத்தில் விரலால் எழுதிய தேதி, 14-8.
ஆண்டு இல்லை.
மதகுப் பலகை ஐந்தில் மூன்று உளுத்துவிட்டது.
விரிசலில் பென்சிலை விட்டுப் பார்த்தேன்,
திரும்பி வரவில்லை.

உள்பக்கம் நன்னீர், அல்லியிலை,
லோ ஹுய் ஷானின் தட்டான்.
சிவப்பு வால். தீவில் இந்த ஒரு குட்டையில்தான்
என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்,
ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுவதுபோல்.

வெளிப்பக்கம் உப்பு, சேறு.
ஓதம் ஏறும்போதெல்லாம் அணையடியில் வந்து முட்டி
இறங்கும்போது திரும்பிப் போகும் கண்டல் விதைகள்.
ஒன்று மட்டும் விரிசலுக்குள் புகுந்து
இரண்டு இலை விட்டிருக்கிறது.
நான் பிடுங்கவில்லை.
படமும் எடுக்கவில்லை.

பழுது பார்க்க எண்பத்தாறாயிரம் வெள்ளி.
அகற்ற ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
சும்மா விட்டால் இலவசம், அதற்குக் கட்டம் கிடையாது.
வெள்ளம் வருமுன் அணை கோலச் சொன்னவர்கள்
எப்போது கலைப்பது என்று சொல்லிவைக்கவில்லை.

விளக்கை அணை. பிள்ளையை அணை. ஓடைக்கு அணை.
மூன்றுக்கும் ஒரே சொல் வைத்த மொழியில் யோசித்து
ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகிறேன்.

காலையில் அங்கே நின்றபோது
ஜொஹாரி வந்தார், சைக்கிளின் பின்னால்
கேஸ் தோம்பைக் கட்டிக்கொண்டு.
மணியடித்தார். ஐவரும் ஒதுங்கினோம்.
நாய் ஓடிய அதே வழியில் உருட்டிக்கொண்டு போய்
அக்கரையில் திரும்பி நின்று கேட்டார்:
இதை எடுத்துவிட்டால் நான் எப்படி வருவது?

தண்ணீரைப் பற்றி அவருக்குக் கருத்தே இல்லை.
நன்னீரோ உப்போ, அது உங்கள் பாடு.
அக்கரையில் அக்கா இருக்கிறார், மூட்டுவலி.
வாரம் இருமுறை அரிசி, மாத்திரை.
மாதம் ஒரு தோம்பு.
சுற்றிப் போனால் நாற்பது நிமிடம்.

பதினெட்டு மாதமாக ஆய்வு செய்கிறோம்.
உப்பளவு தெரியும், வண்டலின் ஆழம் தெரியும்,
தட்டான்கள் முப்பத்தொன்று என்று தெரியும்.
மேலே நடப்பவரை யாரும் எண்ணவில்லை.

மீன்பிடிக்க வந்த நால்வர் ஏறுகிறார்கள்.
ஒன்பது.
இரண்டுக்கு இரண்டு என்று நிற்கிறது வாக்கு.
என் பென்சில் அணைக்குள். ஹுய் ஷானிடம்
பேனா வாங்கி
அகற்ற என்பதில் குறியிடுகிறேன்.

என்றாவது டிசம்பர் மழையில்
அது தானே போகும். அன்று
மேலே சைக்கிள் இருக்கலாம்.
இதைச் சத்தமாகச் சொன்னேன்.
ஹுய் ஷான் சட்டையில் ஒட்டிய புல்விதைகளை
ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.
வேறு குட்டைக்கு மாற்றலாமே என்றார் யாரோ.
முயன்றோம், என்றார். அவ்வளவுதான்.

விளிம்பில், கட்டங்களுக்கு வெளியே, எழுதினேன்:
பலகைப் பாலம், ஒன்றரை மீட்டர் அகலம்.
சைக்கிளும் நிறைந்த தோம்பும் தாங்கவேண்டும்.
செலவு தெரியாது.
இதற்கு எந்த நிதித் தலைப்பு என்று
எட்டிப் பார்த்துக் கேட்டார் தயாநிதி.
அதுவும் தெரியாது.

ஒரு காதல் ஜோடி வந்தது. பதினொன்று.
பன்னிரண்டாவது ஆளைக் காணோம்.
அந்த இடத்துக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுவோம் என்று
ஹுய் ஷான் நான்கு வெள்ளியை நீட்டினார்.
இன்ஜின் இருமியது.
பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.
வாங்கி, மூடிபோட்டு,
பைக்குள் வைத்துக்கொண்டார்.