பவுண்டுக்கு நூற்றுப் பதினைந்து

பொக்காட்டெலோவில் கடை அடைப்பது ஒன்பது மணிக்கு.
ஒன்பது பத்துக்கு என் வேலை:
முகமூடி, கையுறை, ஈரத் துடைப்பம்.
உலர்ந்த துடைப்பம் கூடாது, ஈயத்தூள் கிளம்பும் என்று
எழுதி ஒட்டியிருக்கிறார் முதலாளி கார்விஸ்,
என் கண்மட்டத்துக்கு.

எவ்வளவு சுடுவீர்கள் என்று கேட்டால்
எல்லோரும் சொல்வது ஒரு பெட்டி. ஐம்பது.
டாக்டர் கேட்கும்போது குடிகாரர் சொல்கிற
அதே ரெண்டு கிளாஸ்.
எனக்கு வாய்க்கணக்கு வேண்டாம்.
தரையில் சிதறிய பித்தளைக் கூடுகளை
அள்ளித் தராசில் வைப்பேன்.
ஒன்பது மில்லிமீட்டர் என்றால்
பவுண்டுக்கு நூற்றுப் பதினைந்து,
முன்னே பின்னே ஒன்றிரண்டு.

மூன்றாம் தடம் டெரில் ஹாஸ்கெட்டுடையது.
கூரை வேய்கிறவர்.
அரை மணியில் நானூறு.
காசைக் கரியாக்குவது என்றால் என்னவென்று
மூக்கால் அறிந்தது அவரிடம்தான்.
அவருடைய காகித மனிதனைச் சுற்றி
வெற்றிடமெல்லாம் செத்துக் கிடக்கும்.
மனிதனுக்குக் காதில் மட்டும் கீறல்.

ஆறாம் தடத்துப் பல் மருத்துவர்
எத்தனை சுடுகிறார் என்று யாருக்கும் தெரியாது.
முட்டி போட்டுக் கூடுகளைத் தானே பொறுக்கிப்போய்
வீட்டில் மறுபடி மருந்து நிரப்புகிறார்.
தொழிலிலும் அதுதானே, குழி, மருந்து, அடைப்பு.
கஞ்சன் என்கிறார் கார்விஸ்.
பழைய பித்தளை விற்ற காசு
கார்விஸுக்குப் போகிறது என்பதையும் சொல்லவேண்டும்.

பெட்டி பதினாறு டாலரிலிருந்து
முப்பத்தெட்டுக்குப் போன வசந்தத்தில்
தரை மெலிந்தது. ஒரு வாளி போதும், அதிலும் பாதி.
ஹாஸ்கெட் அந்த வாரம் நாற்பதே நாற்பது சுட்டார்,
ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்து.
நெஞ்சில் ஓட்டை விழுந்த காகிதத்தை
நான்காக மடித்து எடுத்துப்போனார்,
யாரோ எழுதிய கடிதம் போல.

வியாழக்கிழமைகளில் வடிகட்டி மாற்ற
நான் முன்னதாகவே வருவேன்.
நாலரைக்குப் பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு
மார்வெட் டிங்லி வருவாள்.
அரை மணிக்கான கட்டணம் முழுதும் கட்டுவாள்.
ஒன்றாம் தடத்தில் நின்று ஒரே ஒருமுறை சுடுவாள்.
பெட்டியை மூடுவாள். போய்விடுவாள்.

வண்டிக் கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்தவளிடம்
ஒருநாள் கேட்டுவிட்டேன்.
"வீட்டுக் கதவு உடையும்போது
நாற்பத்தொன்பது சுட்டுப் பழகிவிட்டா வருவேன்?
அன்றைக்கு முதல் குண்டுதான் உண்டு.
அதைத்தான் பழகுகிறேன்."
எவன் உடைப்பான் என்று நான் கேட்கவில்லை.
பேசி முடிக்கும்வரை அவள் கண்
சாலையில் போன வெள்ளைப் பிக்கப்புகள் மேலேயே இருந்தது.

ஆறு மாதத்துக்கொருமுறை என் ரத்தத்தை எடுக்கிறார்கள்.
ஈயத்துக்கு ஓர் எண் வரும்.
போன தடவை பதினொன்று. இப்போது பத்தொன்பது.
"எவ்வளவு சுடுவீர்கள்?" என்றாள் நர்ஸ்.
சுடுவதில்லை, துப்பாக்கியே கிடையாது என்றேன்.
ரெண்டு கிளாஸ் என்று சொன்னவரைப் பார்ப்பதுபோல்
பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.
ஹாஸ்கெட்டின் நானூறில் கூடு வாளிக்குப் போயிற்று,
குண்டு மணல்மேட்டுக்கு.
மிச்சம் எங்கே என்று அந்தத் தாளுக்குத் தெரியும்.

மார்வெட்டின் கூட்டை மட்டும் நான் வாளியில் போடுவதில்லை.
ஒருமுறை தராசில் வைத்தேன். முள் அசையவில்லை.
சட்டைப்பையிலிருந்து காப்பி டப்பாவுக்கு மாறிய கூடுகள்
இதுவரை முப்பத்திரண்டு.

இரண்டு வியாழனாக ஒன்றாம் தடத்தில் ஒன்றுமில்லை.
இருந்தாலும் ஈரத் துடைப்பத்தை
அங்கேயும் இழுக்கிறேன், மூலைவரை, மெதுவாக.
பெட்டியில் இன்னும் பதினெட்டு
இருக்கவேண்டும்.