மார்பில் தைத்த எழுத்து

ஏழு வருடம் ஆம்புலன்சில் சும்மா உட்கார்ந்திருக்க
எனக்குச் சம்பளம் தந்தார்கள்.
பின்கதவு திறந்தே இருக்கும். ஸ்ட்ரெச்சர் விரித்தே இருக்கும்.
முசாசா மரத்தின் நிழல் நகர நகர
வண்டியை நகர்த்துவேன். அவ்வளவுதான் ஓட்டம்.

மனிக்கா மாகாணத்தின் எல்லையோரம்.
அந்தப் பக்கம் ஜிம்பாப்வே, இந்தப் பக்கம் மொசாம்பிக்,
நடுவில்,
புதைத்த இடத்தை மறந்து
பிறகு செத்தும் போனவர்களின் கைவேலை.
ஏழு பேர் அதை வெளியே எடுத்தார்கள்.
ஒருவருக்கொருவர் எட்டாத தூரத்தில் முழங்காலிட்டு,
கருவி கீச்சிட்ட இடத்திலெல்லாம்
குழந்தையின் காதைச் சுத்தம் செய்வதுபோல்
மண்ணைச் சுரண்டி.
பெரும்பாலும் மத்தி மீன் டப்பாவின் மூடிதான் வரும்.
பெல்மிரா அவற்றைச் சேர்த்தாள். ஒரு சாக்கு நிறைந்தது.

கடைசிச் சதுர மீட்டர் புதன்கிழமை முடிந்தது.
யாரும் கத்தவில்லை.
ஜஸ்டினோ கருவியின் பேட்டரியைக் கழற்றினான்,
மறுபடி போட்டான்,
மறுபடி கழற்றினான்.

மறுநாள் நிலத்தை ஊருக்குக் கொடுக்க வேண்டும்.
துப்புரவாக்கியவர்களே முதலில் அதன்மேல் நடப்பது வழக்கம்,
கவசம் இல்லாமல், ஊர் பார்க்க.
ஆறு பேர் இஷ்டத்துக்கு நடந்தார்கள்.
பெல்மிரா ஓடவே செய்தாள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.
ஸக்கரியாஸ் மட்டும்
சிவப்புக் குச்சிகளைப் பிடுங்கிய குழிகளுக்கு நடுவே
ஒரு மீட்டர் அகலத்தில் நேராகப் போனான்,
போன தடத்திலேயே திரும்பி வந்தான்.
ஊர்க்காரர்கள் சிரித்தார்கள்.
நாங்கள் சிரிக்கவில்லை.

பிறகு ஒப்படைப்பு. அன்செல்மோ பட்டியலைப் படித்தான்.
முகக்கவசம் ஏழு. கருவி ஆறு, பழுதானது ஒன்று.
என் பெட்டியின் முறை வந்தது.
ரத்தம் நிறுத்தும் பட்டை பதினான்கு, உறை பிரிக்காதது.
மார்ஃபின் எட்டு, இந்த வருடமும் காலாவதி.
"பயன்பாடு?" படிவம் அப்படித்தான் கேட்டது.
தேனீக் கொட்டு மூன்று, என்றேன். ஒரு பிரசவம், ஊர்ப்பெண்.
அவன் பூஜ்யம் என்று எழுதினான்.
அதன்மேலேயே இன்னொரு சுற்று எழுதினான்.

கவசங்களின் மார்பில் தைத்திருந்த துணித்துண்டுகளை
நான்தான் பிரித்தேன், கட்டு வெட்டும் கத்திரியால்;
அதற்கும் ஒரு வேலை வேண்டாமா.
பெல்மிரா, ஏ. ஜஸ்டினோ, பி.
ஓ, ஓ, ஓ, ஓ.
ஸக்கரியாஸ், பி நெகட்டிவ். இந்தப் பக்கத்தில் லேசில் கிடைக்காது;
அவன் குனியும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.
இவர்கள் பிறந்தநாள் எதுவும் எனக்குத் தெரியாது.
யாருக்கு எத்தனை பிள்ளை என்று இன்னமும் குழம்புகிறேன்.
இந்த எழுத்துகளை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
ஆளுக்கு ஒன்றாகத் திருப்பிக் கொடுத்தேன்.
என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் வைத்தார்கள்.

ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. லாரி நான்கு மணிக்கு.
ஜஸ்டினோ அங்கோலா போகிறான், அங்கே இன்னும் மண் பாக்கி.
பெல்மிரா அக்காளின் பேக்கரிக்கு.
ஸக்கரியாஸ் எங்கே என்று சொல்லவில்லை.

அவன்தான் கேட்டான்:
"உன்னுடையது எது, ஒட்டிலியா?"
ஏழு வருடத்தில் அதை எங்கும் எழுதவில்லை.
வண்டியில் இருப்பவளுக்கு எதற்கு?
"ஏ நெகட்டிவ்," என்றேன்.
ஏ நெகட்டிவ், என்று சொல்லிப் பார்த்தான்.
அன்செல்மோ சொன்னான்.
பெல்மிரா வாயில் கறியோடு சொன்னாள்.
ஒவ்வொருவராக மனப்பாடம் செய்தார்கள்,
லாரி வருவதற்குள்
எனக்கு ஏதாவது ஆகிவிடலாம் என்பதுபோல.